சிவ்ரி சேற்றில் சிவப்புப் பூநாரைகள்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாம் கூட்டிப்போகும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சவுபாத்தி, இந்தியா கேட், மகாலட்சுமி கோவில், ராணி பாக், ஜூகு. அதோடு சரி. இந்தப் பட்டியலில் சிவ்ரியை யாரும் சேர்ப்பதில்லை. சிவ்ரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காசநோய் ஆஸ்பத்திரியும், துறைமுகத்துக் கோடவுன்களும், வரிசையாக நிற்கும் லாரிகளும்தான்.

அந்தக் கோடவுன்களுக்குப் பின்னால் கடல் இருக்கிறது. கடலுக்கும் கரைக்கும் நடுவே கறுத்த சேறு. அந்தச் சேற்றில், ஐப்பசி, கார்த்திகை தொடங்கி வைகாசி வரை, ரோஜா நிறத்தில் பறவைகள் மேய்கின்றன. பூநாரைகள். மும்பைக்காரர்கள் இதை "பிளமிங்கோ" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். போய்வர ஆகும் செலவு ரெயில் டிக்கெட் மட்டும். லீவு நாளில் அரை நாள் போதும்.

இப்போது பங்குனி. இதுதான் பார்க்க நல்ல சமயம். குளிரும் போய்விட்டது; பறவைகள் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. பூநாரை மட்டும் அல்ல, சேற்றில் ஓடித் திரியும் சின்னச் சின்ன உள்ளான்கள்கூட இந்த மாதத்தில்தான் புது உடுப்பு மாற்றுகின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

திதியை முக்காலால் பெருக்குங்கள்

பூநாரை பார்க்கப் போகிறவர் கடிகாரத்தை நம்பிப் போனால் ஏமாந்து திரும்புவார். கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் அறிந்து போக வேண்டும்.

கடல் வற்றும்போது சேறு வெளியே வரும், பறவை இறங்கி மேயும். கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும், பறவை எழுந்து போய்விடும். அதற்காக முழுக்க வற்றிய நேரத்தில் போனாலும் பிரயோசனம் இல்லை. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். பறவைகளும் அதன் ஓரத்தோடு போய்விடும். அடிவானத்தில் யாரோ ரோஸ் சாக்பீசால் கோடு இழுத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஏற்றம் முழுமை அடைய இரண்டு மூன்று மணி நேரம் பாக்கி இருக்கும்போது கரையில் நிற்க வேண்டும். ஏறி வரும் தண்ணீர், பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

ஏற்றம் எத்தனை மணிக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொங்கணக் கரையில் கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. அன்றைய திதியை முக்காலால் பெருக்கினால் ஏற்ற நேரம் கிடைக்கும். ஏற்றத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் பரதி, வற்றத்துக்கு ஓஹோட்டி.

பஞ்சமி என்றால் ஐந்து. ஐந்தின் முக்கால் மூன்றே முக்கால். அன்றைக்கு மூன்றே முக்கால் மணிவாக்கில் ஏற்றம். அஷ்டமிக்கு ஆறு மணி. அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும் பதினைந்தின் முக்கால், அதாவது பதினொன்றே கால். பகலில் எத்தனை மணியோ இரவிலும் ஏறக்குறைய அத்தனை மணி. ஒரு அரை மணி நேரம் முன்னே பின்னே இருக்கலாம்; நம் காரியத்துக்கு அது போதும். வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் ஒரே கணக்குதான். நம் சமையல்கட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி இருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிவ்ரிக் கரை கிழக்கே பார்த்தது. காலையில் போனால் வெயில் நம் கண்ணில் அடிக்கும். பறவை நிழல் மாதிரிக் கறுப்பாகத் தெரியும். பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்போதுதான் அந்தச் சிவப்பின் அழகு முழுசாகத் தெரியும். ஆகையால் சஷ்டி, சப்தமி, அஷ்டமி ஆகியவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், அதுவே முதல் தரமான நாள். ராகு காலம், எமகண்டம் பார்க்கிற நாம் இதையும் ஒரு தரம் பார்த்துவிட்டால் என்ன?

மூன்று மணி வெயிலில்

செம்பூர்க்காரர்களுக்கும், குர்லா, சுனாபட்டியில் இருப்பவர்களுக்கும் துறைமுக வழி ரெயில் நேரே சிவ்ரியில் கொண்டுபோய் இறக்கும். மாட்டுங்காவாசிகள் கிங்ஸ் சர்க்கிளிலும், தாராவிவாசிகள் மாகிமிலும் அதே வழி ரெயிலைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் என்று ஒரு சனியன் உண்டு. எந்தப் பகுதியில், எத்தனை மணிவரை என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவ்ரி நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி நடக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. இடையில் மரநிழல் என்று சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் பாட்டிலும் தலைக்குத் தொப்பியும் அவசியம். வழியெல்லாம் டீசல் நாற்றம், டயர் தூசி. இங்கேயா பறவை வரும் என்று கூட வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நாம் போனது சப்தமி திதி கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. ரிப்பேருக்கு ஏற்றி வைத்த பழைய படகுகள் சாய்ந்து கிடந்தன. தலைக்கு மேல் ஒரு பக்கமாக அடல் சேது பாலம் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே டிராம்பே மலை. மாகுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள். செம்பூரை "கேஸ் சேம்பர்" என்று கேலி செய்ய வைத்த அதே புகைபோக்கிகள்தான்.

அந்தப் பின்னணியில் சில நூறு பறவைகள், கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, வரிசை கலையாமல் சேற்றை உழுதுகொண்டு வந்தன. நாற்று நடும் பெண்கள் குனிந்தபடி ஒரே சீராக நகர்வார்களே, அந்த மாதிரி. நடுநடுவே ஒரு சத்தம். வாத்துக் கூட்டம் தங்களுக்குள் வம்பு பேசுவது போல. திடீரென்று நாலைந்து பறவைகள் இறக்கையை விரித்தன. மடக்கி இருந்தபோது வெளிர் ரோஜா. விரித்ததும் உள்ளே குங்குமச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் "அம்மா!" என்று கத்தியே விட்டாள்.

கோடவுனில் மூட்டை தூக்கும் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றார். பேச்சிலேயே திருநெல்வேலி தெரிந்தது.

"இதுக்கா அண்ணாச்சி இவ்வளவு தூரம் வந்திய? எங்க ஊருப் பக்கம் கூந்தன்குளத்துல நான் சின்னப்பயலா இருக்கையிலயே பாத்திருக்கேன். செங்கால் நாரைன்னு சொல்லுவோம்."

கூந்தன்குளத்துக்கும் பூநாரை போவது உண்மைதான். அந்த ஊரில் வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. ஆனால் செங்கால் நாரை வேறு, பூநாரை வேறு. நாரையின் அலகு ஈட்டி போல் நேராக இருக்கும். பூநாரையின் அலகு பாதியில் முறிந்த மாதிரி கீழே வளைந்திருக்கும். சத்திமுத்தப் புலவர் பிழைப்புத் தேடிப் போன மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஊரில் இருக்கும் மனைவிக்குத் தூது அனுப்பியது அந்த நாரையைத்தான். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கோலியில் பத்துப் பேரோடு படுத்து எழுந்த நம் ஆட்களுக்கு அந்தப் புலவரின் பாடு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

பூநாரையில் இரண்டு வகை இங்கே வருகின்றன. பெரிய பூநாரை நாலு அடிக்கும் மேல் உயரம்; உடம்பு ஏறக்குறைய வெள்ளை; அலகு ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. சின்னப் பூநாரை மூன்று அடிக்கும் குறைவு, நிறம் நல்ல அழுத்தம், அலகு கருஞ்சிவப்பு. மும்பையில் கூட்டமாக வருவது பெரும்பாலும் சின்னதுதான்.

இதன் சாப்பாடு மீன் அல்ல. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் வைத்து, நாக்கைப் பம்பு போல அடித்துச் சேற்றுத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் உள்ளே சல்லடை போன்ற நுண்ணிய அமைப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி அதில் தங்கிவிடும். அந்தப் பாசியில் உள்ள நிறச் சத்துதான் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. நாம் சாப்பிடும் காரட்டின் நிறமும் இதே இனம்தான். பிறக்கும்போது பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம். தின்று தின்றுதான் சிவக்கிறது.

அந்தப் பாசி இங்கே ஏன் இவ்வளவு செழிப்பாக வளர்கிறது? இதற்குப் பதில் கொஞ்சம் சங்கடமானது. மும்பையின் கிழக்குப் புறநகர்களின் கழிவு நீர் போய்ச் சேரும் இடம் தானே கடற்கழி. காட்கோபர், பாண்டுப் பக்கத்துச் சுத்திகரிப்புக் குட்டைகளின் தண்ணீரும் அங்கேதான் போகிறது. 1927 முதல் குப்பை கொட்டிவரும் தேவ்நார் குப்பை மேடும் அந்தக் கழியின் ஓரத்தில்தான். வயலுக்கு உரம் போட்டால் பயிர் கொழிப்பது போல, இந்தக் கழிவின் சத்தில் பாசி கொழிக்கிறது. 1990-களின் நடுவில்தான் பூநாரை பெருங்கூட்டமாக மும்பைக்கு வரத் தொடங்கியது. 2019-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் போட்ட கணக்கில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அதற்காக அழுக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கழிவோடு சேர்ந்து ஆலைகளின் உலோக விஷமும் அதே சேற்றில்தான் படிகிறது. பாசிக்கும் ஓர் அளவு உண்டு. மிஞ்சினால் தண்ணீர் அழுகிவிடும். இன்றைக்குக் கிடைக்கிற சோறு நாளைக்கும் கிடைக்குமா என்பது பூநாரைக்கும் நிச்சயம் இல்லை.

ஊருக்குப் போகும் உடுப்பு

பூநாரையைப் பார்த்த கண்ணுக்கு மற்றது எதுவும் தெரிவதில்லை. அது அநியாயம். கரையோரச் சேற்றில் கோலிக்குண்டை உருட்டிவிட்டது போல ஓடுகிற உப்புக்கொத்திகளைப் பாருங்கள். மாசி வரை மண் நிறத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் இருந்தவை, இப்போது மார்பில் செங்காவி பூசிக்கொண்டிருக்கின்றன. வளைந்த மூக்கு உள்ளான் ஒன்று உண்டு. சித்திரை பிறக்கும்போது அது உடம்பெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். அதன் பிறந்த ஊர் ரஷியாவின் வடகோடியில், பனி உறைந்த சைபீரியக் கரை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குருவி, இங்கே தின்று கொழுத்து, கல்யாண உடுப்பு போட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போய் முட்டையிட்டு, ஆடி, ஆவணி வாக்கில் திரும்புகிறது.

கடற்காக்கைகளும் அப்படித்தான். எலிபெண்டாவுக்கோ மாண்ட்வாவுக்கோ படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பயணிகள் வீசும் காட்டியாவைப் பறந்தபடியே கவ்வும் அந்த வெள்ளைப் பறவைதான். மார்கழியில் அதன் தலை வெள்ளை. காதோரம் ஒரு புள்ளி மட்டும். பங்குனியில் தலை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறத்தில் முக்காடு போட்டுக்கொள்ளும். முக்காடு போட்டுவிட்டது என்றால் மூட்டை கட்டிவிட்டது என்று அர்த்தம். அதில் ஒரு வகை லடாக், திபெத் ஏரிகளுக்குப் போகிறது. மே மாத லீவில் திருநெல்வேலி ரெயிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் அல்லாடும் நமக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்!

பூநாரைகள் அத்தனை தூரம் போவதில்லை. மழைக்காலத்தில் கட்ச் உப்புப் பாலைவனத்தில் தண்ணீர் தேங்கும்போது, அங்கே சேற்றைக் குவித்து மேடு கட்டி, அதன் உச்சியில் முட்டையிடும். பறவை விஞ்ஞானி சலீம் அலி 1945-இல் அங்கே நேரில் போய் லட்சக்கணக்கில் கூடியிருந்ததைப் பார்த்து எழுதினார். 2022-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் ஆறு பூநாரைகளுக்கு ஜி.பி.எஸ். கருவி கட்டி விட்டார்கள். அதில் ஹுமாயூன் என்று பெயர் வைத்த ஒன்று தானே கழியிலிருந்து குஜராத்தின் பாவ்நகர் கரைக்குப் போய்ச் சேர்ந்தது கருவியில் பதிவானது.

கொடிக்கரையும் பம்பாயும்

இந்தச் சங்கத்தைப் பற்றி நம்மவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1883-இல் இந்த நகரத்தில் தொடங்கியது. கோட்டைப் பகுதியில் ஹார்ன்பில் ஹவுஸ் என்ற கட்டடம் அதன் தலைமையிடம். இதே பம்பாயில் 1896-இல் பிறந்து 1987-இல் மறைந்த சலீம் அலி, சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் இருந்ததைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் போனது இந்தச் சங்கத்துக்குத்தான். அதிலிருந்துதான் அவருடைய பறவை ஆராய்ச்சி தொடங்கியது.

தஞ்சைச் சீமைக்காரர்களுக்குக் கொடிக்கரை தெரியும். வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளம் தாண்டி. அங்கே வலசை வரும் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருவது இந்த மும்பைச் சங்கம். வளையத்தில் எண்ணும், தகவல் சொல்ல வேண்டிய முகவரியாகப் பம்பாயும் பொறித்திருக்கும். கொடிக்கரையில் வளையம் மாட்டிய பறவை வெளிநாட்டில் யார் கையில் கிடைத்தாலும் சேதி வந்து சேரும் ஊர் இதுதான். கொடிக்கரையில் நெடுங்காலம் இருந்து இந்த வேலையைச் செய்தவர் எஸ். பாலச்சந்திரன் என்ற தமிழர். பின்னால் சங்கத்தின் துணை இயக்குநராகவும் இருந்தார். நம் பிள்ளைகளில் யாருக்காவது இந்தப் பக்கம் ஆசை இருந்தால் "இதெல்லாம் சோறு போடுமா?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள்.

மேய இடம் உண்டு, படுக்க இடம்?

நாலரை மணிக்குள் தண்ணீர் சேற்றின் முக்கால் பாகத்தை விழுங்கிவிட்டது. பறவைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நெருக்கியடித்து நின்றன. பிறகு ஒரு கூட்டம் எழுந்தது, அதன் பின்னால் இன்னொன்று. கழுத்தையும் காலையும் ஒரே கோடாக நீட்டி, பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போயின.

எங்கே போகின்றன? இந்தக் கேள்வியில்தான் விவகாரம் இருக்கிறது.

பூநாரைக்கு இரண்டு இடம் தேவை. வற்றத்தின்போது மேய்வதற்குச் சேறு. ஏற்றத்தின்போது நின்று இளைப்பாற ஆழம் குறைந்த, ஆள் தொந்தரவு இல்லாத நீர்நிலை. இரண்டில் ஒன்று போனாலும் மற்றது இருந்து பயன் இல்லை. மேய்ச்சல் நிலத்துக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. 2015-இல் தானே கழியில் சுமார் 1,690 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. 2022-இல் அது ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் சேர்ந்தது. சிவ்ரி அந்தச் சரணாலய எல்லைக்குள் வரவில்லை. 2018-இல் அடல் சேது வேலை தொடங்கியது. 2024 ஜனவரி 12-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. 21.8 கிலோமீட்டர் நீளம். பறவைகளுக்காகச் சிவ்ரிப் பக்கம் பாலத்தில் சத்தம் தடுக்கும் தட்டிகளும் வைத்தார்கள். ஆனாலும் சிவ்ரியில் முன்பு கூடிய பெருங்கூட்டம் இப்போது இல்லை. பெரும்பகுதி கழியின் உள்ளே வடக்கேயும், நவி மும்பைப் பக்கமும் நகர்ந்துவிட்டது.

படுக்கும் இடம்தான் பெரும்பாடு. மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் வேலை கிடைத்துவிடும், தலை சாய்க்க ஆறு அடி இடம்தான் கிடைக்காது. பூநாரைகள் ஏற்ற நேரத்தில் ஒதுங்குவது பெரும்பாலும் நவி மும்பையின் ஏரிகளிலும் குட்டைகளிலும். நெருல், சீவுட்ஸ் பக்கத்து நீர்நிலைகளில் ஒன்றை நிரப்பி கோல்ஃப் மைதானம் ஆக்கும் திட்டம் வந்தது. 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. சீவுட்ஸில் டி.பி.எஸ். ஏரி என்று 30 ஏக்கர் ஏரி ஒன்று. கடல் தண்ணீர் உள்ளே வரும் வழி அடைபட்டு அந்த ஏரி கெட்டுப்போனது. 2024 கோடையில் பூநாரைகள் அந்தப் பக்கம் செத்தும் காயம்பட்டும் கிடந்தன.

அதே கோடையில், மே 20-ஆம் தேதி இரவு, துபாயிலிருந்து வந்த விமானம் ஒன்று காட்கோபர் வானத்தில் பூநாரைக் கூட்டத்தின் மேல் மோதியது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. காட்கோபர் கிழக்கில் குடியிருப்புகளுக்கு நடுவே 39 பறவைகள் விழுந்து கிடந்தன. ஒதுங்கும் இடத்திலிருந்து விரட்டப்பட்டதால் வழி மாறின என்று பறவை ஆர்வலர்கள் சிலர் சொன்னார்கள். வேறு காரணம் சொன்னவர்களும் உண்டு. எப்படியானாலும், இரவில் இடம் தேடி அலையும் கூட்டம் விமானப் பாதையில் போய் விழத்தான் செய்யும்.

பேச்சு அதோடு நின்றுவிடவில்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்பு மக்கள் மனு மேல் மனு போட்டார்கள், ஏரிக்கரையில் கைகோத்து நின்றார்கள். 2025-இல் மாநில வனவிலங்கு வாரியம் டி.பி.எஸ். ஏரியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க ஒப்புதல் கொடுத்தது. 30 ஏக்கர்தான். ஆனால் ஏற்ற நேரத்தில் போய் நிற்க ஒரு பாய் விரித்தாற்போல் இடம்.

அந்த ஏரியையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. செம்பூரிலிருந்து பன்வேல் ரெயிலில் ஏறி சீவுட்ஸ் தாராவே நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். சிவ்ரிக்குச் சொன்ன கணக்கு இங்கே தலைகீழ்: ஏற்றம் முழுமையாக இருக்கும் நேரத்தில் போக வேண்டும். படகில் போய்ப் பக்கத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஐரோலியில் வனத்துறை நடத்தும் மையத்தில் விசாரிக்கலாம்.

தாராவி வாசலில்

வாரத்துக்கு ஆறரை நாள் தையல் மெஷினிலோ தோல் பட்டறையிலோ உட்கார்ந்திருக்கும் தாராவிக்காரர்களுக்குச் சிவ்ரி வரை போகக்கூட நேரம் இருக்காது. அவர்களுக்கு வாசலிலேயே ஒன்று இருக்கிறது. சயான் பாந்த்ரா லிங்க் ரோட்டில், தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். 1970-களில் அது குப்பைக் கிடங்கு. குப்பைக்கு மேல் மண் போட்டு, மரம் நட்டு, 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அதன் பின்பக்கம் மித்தி ஆறு மாகிம் கழியோடு சேரும் இடம். அலையாத்தி மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் உட்கார்ந்திருக்கும். அங்கே பூநாரையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தாராவியின் கூரைகளைப் பார்த்துப் பழகிய குழந்தைக்கு, நீலமும் காவியுமாக ஒரு மீன்கொத்தி விர்ரென்று பாய்வதே பெரிய காட்சிதான்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம். சேற்றில் இறங்காதீர்கள், இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். கல் எறிந்து பறக்கவிட்டு போட்டோ எடுக்கும் ஆசாமிகளைக் கண்டால் நாலு வார்த்தை கேளுங்கள். ஒரு தடவை பறந்தால் அந்தப் பறவைக்கு அரை வேளைச் சாப்பாடு நஷ்டம்.

ஞாயிறும் லீவு இல்லாதவர்களுக்கு

கடைச் சிப்பந்திகளுக்கும் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்களுக்கும் ஞாயிறு என்று ஒன்று தனியாக வருவதில்லை. அவர்களில் வாஷி, பேலாப்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு யோசனை. மான்கூர்டு நிலையம் தாண்டியதும் ரெயில் தானே கழியின் மேல் வாஷி பாலத்தில் ஏறும். கடல் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால், வாஷிக்குப் போகும்போது இடது பக்க ஜன்னலில் நில்லுங்கள். அலையாத்திக் காட்டின் ஓரம் சேறு தெரியும்; சேற்றின் ஓரத்தில் ரோஜா நிறம் தெரியும். பாலத்தைக் கடக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மூன்று நிமிடமும் செல்போனைச் சட்டைப் பையில் வையுங்கள். மே மாதக் கடைசி வரை இந்தக் காட்சி உண்டு. மழை இறங்கிவிட்டால் பிறகு கார்த்திகைதான்.